கடுகு உதிர்ந்த கால்

முதலில் அதைக் கடுகு என்றுதான் நினைத்தோம்.

மே மாதம், உச்சி வெயில். வீட்டுக்குப் பின்னால் பீர்க்கங்கொடிப் பந்தலுக்குக் கீழே பாயைப் போட்டு, நானும் என் மகள் கௌசல்யாவும் ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. நான் சுவரில் சாய்ந்து வலது காலை நீட்டியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் என் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, அடுப்படியில கடுகக் கொட்டிட்டு அது மேலயே மிதிச்சியா?"

காலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்குக் கீழே ஒரு வருடமாக இருந்த மேட்டில் புதிதாக ஓர் ஓட்டை. அதன் வாயில் மூன்று கறுப்பு மணிகள். நகத்தால் தட்டினேன். பாயில் விழுந்தன. திரும்பப் பார்ப்பதற்குள் உள்ளேயிருந்து நான்காவது ஒன்று வந்து நின்றது. கூடவே கொழகொழவென்று ஒரு சொட்டு நீர்.

கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டு வாழை மரத்தடிக்கு ஓடினாள்.

எனக்கு வலி துளிகூட இல்லை.

இதை எழுதுவது, காலில் இப்படி ஒன்று வந்து, யாரிடமும் காட்டாமல் துணியைச் சுற்றிக்கொண்டு திரிபவர்களுக்காக. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள். சீழைச் சீழ் என்றுதான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் அன்னவாசலில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீட்டுக்காரர் குணசேகரன் அன்னவாசலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் செம்மண். அதில் கத்தரி, வெண்டை, மிளகாய், பீர்க்கு, பாகல், ஓரமாக ஒரு மல்லிகை. ஆடு நுழையாமல் இருக்கச் சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்ட வேலி.

கோடை என்றால் எங்களுக்கு அந்தத் தோட்டமும் கூடையும்தான். மதியம் கடையைச் சாத்திவிட்டு அவரும் வந்துவிடுவார். அவருக்குக் கூடை பின்ன வராது. ஆனால் ஒயரை ஓர் இழை கூடக்குறைய இல்லாமல் ஒரே அளவாக வெட்டித் தருவார். காயில் கட்டுகிற கை அது. கௌசல்யா சிவன் கண் முடிச்சு போடுவாள். நான் நெல்லிக்காய் முடிச்சு. நடுவில் தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய். வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்க் குழாயைப் பாத்தியில் விட்டுவிட்டு மூன்று பேரும் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்போம். குளிர்ச்சி காலில் இருந்து மேலே ஏறும். அதைவிடச் சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

இப்போது அந்த ஈரத்தில் வெறுங்காலை வைப்பதில்லை.

தோட்டத்துக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். விளைகிற மண்ணில் செருப்போடு நிற்பது பாவம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். கௌசல்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரப்பர் செருப்போடு வெண்டைக்காய் பறிக்கப் போனதற்கு முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். செருப்பு வேலிக்கு வெளியே கிடக்கும். முள் வேலிக்கு உள்ளே கிடக்கும். எவ்வளவு புத்திசாலிகள் பாருங்கள்.

கடுகு வருவதற்கு இரண்டு கோடைக்கு முன்னால், வேலியைச் சரிசெய்யும்போது ஒரு முள் ஏறியது. அவர் ஊக்கால் நோண்டி எடுத்தார். நுனி உள்ளே ஒடிந்துவிட்டது. எருக்கம்பால் வைத்து, செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். இரண்டு நாளில் வலி போய்விட்டது. முள்ளை மறந்துவிட்டோம்.

அடுத்த வருடம் அதே இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் வலிக்காது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். சுண்டைக்காய் எலுமிச்சங்காய் ஆனது. அப்போதும் வலி இல்லை. வலித்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். வலிக்காததைக் காட்ட நம் ஊரில் எவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்?

கடுகு வந்த பிறகு பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போனோம். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. ஊசி, மாத்திரை, வாரம் இரண்டு தடவை கட்டு. ஏழு மாதம் இது நடந்தது. அதற்குள் ஒரு ஓட்டை ஐந்து ஓட்டை ஆனது. ஒன்று மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். பாதம் வீங்கி, மேடும் பள்ளமுமாகப் பாகற்காய்த் தோல் மாதிரி ஆகிவிட்டது. நாற்றம் எப்படி என்றால், மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கு நாற்றம். கட்டுத் துணியைத் தனியாக வேகவைத்துத் துவைப்பேன். தண்ணீரில் அந்தக் கறுப்பு மணிகள் அடியில் தங்கும். நான் வாயில் வைக்கும் ரசத்தில் கடுகு மிதந்தால் தட்டைத் தள்ளிவிடுவேன். வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டோம்.

ஒரு நாள் அவர் கட்டிலை வாசல் பக்கம் எடுத்துப் போட்டார்.

"உள்ள புழுக்கமா இருக்கு" என்றார்.

"புழுக்கமா, நாத்தமா?"

தலையணையைத் தட்டிப் போட்டார். "ரெண்டுந்தான்."

அந்த நேர்மைக்காக அவரைத் திட்டவில்லை. எனக்கே என் கால் ஆகவில்லை. சோப்பைத் தனியாக வைத்தேன். குளிக்கும்போது வலது காலைக் கையால் தொடாமல் குச்சியில் துணியைக் கட்டித் தேய்த்தேன். என் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த எலியைத் தேய்ப்பது மாதிரி.

இதற்கு நடுவில், காலில் மூன்று ஓட்டை ஆகியிருந்த நேரத்தில், குளத்தூரில் இருந்து என் நாத்தனார் ராணி வந்தாள். கிளம்பும்போது, புதிதாகப் பின்னி வைத்திருந்த நீலமும் வெள்ளையுமான கூடையில் கத்தரிக்காயும் பீர்க்கங்காயும் நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "என்னா அழகு அண்ணி!" என்றாள். கௌசல்யா பஸ் ஏற்றிவிடப் போனாள். திரும்பி வரும்போது கூடை அவள் கையில் இருந்தது.

"மறந்துட்டாளா?"

"மறக்கலம்மா. நிழற்குடையில வச்சிட்டு ஏறுனாங்க. நான் ஓடிப் போயி எடுத்துக் குடுத்தேன். 'அங்கிட்டே வையிடி, ஒங்கம்மா கால்ல இருக்கது ஒட்டிக்கிற சீக்குங்கிறாக, எங்க வீட்ல சின்னப் புள்ளைக இருக்கு'ன்னாங்க."

ராணி வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைகூட நான் பொறுக்கவில்லை. பஸ்ஸில் இருக்கும்போதே போன் போட்டேன்.

"கத்தரிக்காயக் கால்ல பறிக்கலடி. கையில பறிச்சேன்."

"ஐயோ அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க..."

"எப்புடி எடுத்துக்கணும்னு நீயே சொல்லு, அப்புடியே எடுத்துக்கிறேன்."

வைத்துவிட்டாள். அன்றைக்கு அந்தக் கத்தரிக்காயை நாங்களும் சமைக்கவில்லை. எனக்கே கை போகவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.

ஏழு மாதம் கழித்து கிளினிக் டாக்டர், "எனக்குப் புரியலம்மா, பெரிய ஆஸ்பத்திரியில தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை முதல் மாதமே சொல்லியிருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தோல் பிரிவுக்கு முன்னால் நீண்ட நடை. பெஞ்சில் இடமே இல்லை. நான் போய் நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைச் சுளித்தார். எழுந்து போனார். அடுத்தவரும் எழுந்தார். ஐந்து நிமிடத்தில் பெஞ்சு முழுவதும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கிடைத்தது. காலை நீட்டி உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. கட்டைப் பிரித்ததும் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். ஒரு துணியில் அந்தக் கறுப்பு மணிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேடிக்கொண்டிருந்த பொருள் கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம். இரண்டு வருடத்தில் என் காலைப் பார்த்து அருவருக்காத முதல் மனுஷி.

"வெறுங்கால்ல வேலை பாப்பீங்களா?"

"தோட்டத்துக்குள்ள செருப்புப் போட மாட்டோங்க."

"முள்ளு குத்துச்சா?"

"அது ஆச்சுங்க, மூணு வருசம்."

"அதுதான் இது."

மைசெட்டோமா என்று சொன்னார் (மண்ணில் வாழும் பூஞ்சை முள் குத்திய வழியாக உள்ளே போய், தோலுக்கு அடியில் குடியிருந்து, மெதுவாகச் சதையையும் எலும்பையும் தின்னும் நோய்). அந்தக் கடுகு மணிகள் பூஞ்சையின் கூடுகள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. இதற்கு இன்னொரு பெயர் 'மதுரா கால்'. முன்காலத்தில் மதுரைப் பக்கம் பார்த்து வெள்ளைக்கார டாக்டர்கள் வைத்த பெயராம்.

"எங்க பக்கத்து ஊரு பேரை வச்சிருக்காங்க, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்றேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார்.

பயாப்ஸி (உள்ளே இருந்து சதைத் துண்டு வெட்டிச் சோதிப்பது), எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் உள்படம்) எல்லாம் முடிந்தது. பூஞ்சைதான். எலும்பை லேசாகத் தொட்டிருந்தது. இட்ராகோனசோல் கேப்சூல் (பூஞ்சையைக் கொல்லும் மருந்து) காலையும் மாலையும், வயிறு நிறையச் சாப்பிட்டவுடன். மாதா மாதம் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை.

"ஆறு மாசம் பாப்போம். மருந்து கேட்டுச்சுன்னா தொடரலாம். கேக்காம எலும்புக்குள்ள போயிருச்சுன்னா, காலை எடுக்க வேண்டி வரும். முழங்காலுக்குக் கீழ. இப்பவே சொல்லிடறேன்."

வரும் வழியில் பஸ்ஸில் என் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அசைந்தது.

ஆறு மாதமும் ஒரு வேளை தப்பாமல் சாப்பிட்டேன். கேப்சூலைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றே என் வீட்டுக்காரர் சொன்னார்: "இத்தாம் பெருசு கேப்சூலு, வயித்தப் புண்ணாக்கிரும். முன்னாடி ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்க." அவரே மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கி வந்தார். தினமும் விடிந்ததும் வாசலில் இருந்து எழுந்து வருவார். என் காலைப் பார்க்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் கேஸ் மாத்திரையுமாக நீட்டுவார். அந்த நாற்றத்துக்குள் அவர் வந்து நின்றது அந்த ஒரு நேரம்தான். நான் அதற்காகவே சீக்கிரம் விழித்துக் காத்திருப்பேன்.

மறுபடி மே மாதம் வந்தது. கௌசல்யா பந்தலுக்குக் கீழே பாயை விரித்தாள். நான் பின்னினேன். பின்னிய கூடைகளை யாருக்கும் கொடுக்கவில்லை. பரண்மேல் அடுக்கினேன். காலில் ஒன்பது ஓட்டை.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் எலும்பு இன்னும் அரித்திருந்தது. எலும்பு டாக்டர் ஓர் ஆண், அதிகம் பேசாதவர். படத்தை விளக்கில் மாட்டினார்.

"மருந்து கேக்கல. எடுத்துடறது நல்லது. செயற்கைக் கால் வச்சு நடக்கலாம்."

"எடுத்துருங்க சார்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். என் வீட்டுக்காரர்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. தூக்கிப் போட்டுவிடலாம், குப்பையை வெளியே போடுவது மாதிரி. அடுத்த வாரம் வந்து படுக்கச் சொன்னார்கள்.

அதற்கு முன்னால் தோல் டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. என் ஒயர் கூடையில் இருந்து ஃபைலை உருவினேன். கூடவே ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. டாக்டரம்மாவே குனிந்து எடுத்தார்.

"இது என்ன?"

"அதுங்களா, கேஸ் மாத்திரை."

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, இல்லைன்னு சொன்னீங்களே?"

"இது மாத்திரை இல்லைங்க டாக்டர். கேஸ் மாத்திரை."

அந்த அம்மா கத்தியது நடை முழுக்கக் கேட்டிருக்கும். "அந்தக் கேப்சூல் கரையறதுக்கு வயித்துல புளிப்பு வேணும்! இது அந்தப் புளிப்பையே சுரக்க விடாது! தினமும் காலையில புளிப்பை அணைச்சுட்டு, அது மேல என் மருந்தைப் போட்டிருக்கீங்க. ஆறு மாசமா மருந்து ரத்தத்துக்கே போயிருக்காது!"

பிறகு தண்ணீர் குடித்தார். எங்களுக்கும் தந்தார்.

"அப்ப மருந்து கேக்கலைன்னு சொல்ல முடியாது. மருந்தே குடுக்கலை. எனக்கு ஒரு வருஷம் குடுங்க. கெட்டுப்போனதை மட்டும் சுரண்டி எடுக்கச் சொல்றேன். ரெண்டு விரல் போகும். அப்புறம் கேப்சூலை ஒழுங்காச் சாப்பிடுங்க. காலைக் காப்பாத்திடுவேன்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பாதி வழி வந்ததும் என் வீட்டுக்காரர் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாந்தான கெடுத்தேன்."

"ஆமா."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செல்வி..."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் செஞ்சீங்க. ஊக்கால நோண்டுனீங்க, நல்லது. எருக்கம்பால் வச்சீங்க, நல்லது. கேஸ் மாத்திரை குடுத்தீங்க, நல்லது. நாத்தம் தாங்காம வாசல்ல போயி படுத்தீங்கள்ல, அது ஒண்ணுதான் என் காலுக்குக் கெடுதல் பண்ணல."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னங்க?" என்று கேட்டேன். திரும்பிக்கொண்டார்.

வாங்கித் தந்தவர் அவர் என்றால் விழுங்கியவள் நான். டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னவளும் நான். அதையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. இன்னொரு வருடம் அந்த நாற்றம், அந்தத் துணி, அந்த ஓட்டைகள். அதற்கு வெட்டிக்கொள்வதே மேல். அவர் கடைக்குப் போனார், வந்தார். கௌசல்யா மட்டும் என் பக்கத்தில் பாயைப் போட்டுப் பிடிவாதமாகக் கூடை பின்னினாள்.

நாலாம் நாள் மதியம், "அம்மா, இது நழுவுது, பிடி" என்று ஒயர் நுனிகளை நீட்டினாள். என் இரண்டு கையிலும் வேறு வேலை இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. வலது கால் போய் அந்த நுனிகளைக் கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் கவ்விக்கொண்டது. பத்து வயதில் இருந்து செய்கிற பழக்கம். கூடைக்கு அடி போடும்போது கால்விரலால்தான் பிடிப்போம். அவள் இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். கால் விடவில்லை.

கட்டுக்கு மேலே சீழ் ஊறியிருந்தது. நாறியது. அந்தக் கண்றாவி கால் என் மகளுக்கு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கௌசல்யாவும் அதைப் பார்த்தாள். நுனிகளை உருவிக்கொண்டு அடுத்த முடிச்சுக்குப் போனாள்.

சாயங்காலம் அவர் வந்ததும், "டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க. வெட்டல" என்றேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவை செய்தார்கள். வலி இல்லை, சத்தம் கேட்டது. தேங்காய் துருவுகிற சத்தம். இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் போயின. உள்ளே இருந்து எடுத்ததைக் காட்டட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் கட்டுத் துணியை வேகவைத்துத் துவைத்தவளுக்கு அதைக் காட்ட வேண்டியதில்லை.

வீட்டில் கட்டு மாற்ற என் வீட்டுக்காரருக்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் கட்டைப் பிரித்ததும் எழுந்து போய்க் குமட்டினார். வாயைக் கழுவிவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாள் எழவில்லை. கட்டில் எப்போது உள்ளே வந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் பார்த்தேன், உள்ளே கிடந்தது.

கேப்சூலை வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு, எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினேன். டாக்டரம்மாவே சொன்ன வழி. ஏப்பம் வந்தாலும், நெஞ்சு எரிந்தாலும் கேஸ் மாத்திரை கிடையாது. தாங்க முடியாதபோது டாக்டரம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். மூன்றாவது மாதம் ஓட்டைகள் காய ஆரம்பித்தன. ஒன்பது ஆறு ஆனது, ஆறு இரண்டானது. கடைசி ஓட்டை மூடுவதற்கு ஒரு வருடம் ஆனது. அதற்குப் பிறகும் சில மாதம் கேப்சூல். ஒரு நாள் கட்டுத் துணியை முகர்ந்து பார்த்தேன். துணி நாற்றம் மட்டும்தான் இருந்தது. அதை முகர்ந்துகொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முள் குத்திய இடத்தில் வலிக்காமல் கட்டி வளர்ந்தால் நம்பாதீர்கள். கறுப்போ வெள்ளையோ சிவப்போ, மணி மணியாக எதுவும் உதிர்ந்தால் கழுவி விடாமல் ஒரு சுத்தமான துணியில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை, லேகியம், எல்லாம். வெட்கப்படாதீர்கள். என் அளவுக்கு முட்டாள்தனம் செய்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இப்போது தோட்டத்துக்குள் கணுக்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அவருக்கும் கௌசல்யாவுக்கும் அப்படியே. முள்வேலியைப் பிடுங்கி எரித்துவிட்டுக் கம்பி வலை கட்டியாயிற்று. தெருப் பெண்கள் சிரித்தார்கள்.

"என்ன செல்வி, மிலிட்டரியில சேந்துட்டியா?"

"ஆமா. நீயும் வா, ஆள் எடுக்குறாக."

மண் வாசனை என்று யாராவது மயங்கினால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஈர மண்ணைப் பார்த்தாலே உள்ளங்கால் கூசுகிறது. கத்தரி பறிக்கிறேன், பாத்தி கட்டுகிறேன், மல்லிகை நன்றாகப் பூக்கிறது. ஆனால் அந்தச் சுகம் போய்விட்டது. அது திரும்பும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ராணி வந்தாள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தாள். காலைப் பார்த்தாள், காபி குடித்தாள், பரணில் அடுக்கியிருந்த கூடைகளைப் பார்த்து ஒன்று கேட்டாள். இல்லை என்றேன். "இத்தனை இருக்கே அண்ணி" என்றாள். "இருக்கு. தர மாட்டேன்" என்றேன். நோய் வந்து போனால் மனசு பெரிதாகிவிடும் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை.

கால் என்னுடையதுதானா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். நடுவில் இரண்டு விரல் இல்லாமல் பிளந்த மாதிரி நிற்கிறது. செருப்புக் கடையில் நீட்டக் கூச்சம். ஒயரை இப்போது இடது காலால் பிடிக்கிறேன். அது இன்னும் பழகவில்லை, நழுவுகிறது. கௌசல்யா காலேஜுக்குப் போய்விட்டாள். லீவுக்கு வந்தால் பின்னுகிறோம்.

முன்பெல்லாம் எனக்குக் கோடை என்பது பள்ளிக்கூடம் மூடியதில் இருந்து திறக்கும் வரை. இப்போது என் காலம் ஒரு பரிசோதனையில் இருந்து அடுத்த பரிசோதனை வரை. பூஞ்சை வருடக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்து திரும்ப வருமாம். டாக்டரம்மா "சரியாயிடுச்சு" என்று இதுவரை சொன்னதில்லை. "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார். அந்த இப்போதைக்குள்தான் விதை போடுகிறேன், சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன். கடைசித் தடவை போனபோது இன்னொன்றும் சொன்னார்: "தழும்பு இழுத்து வலிச்சா பயப்படாதீங்க. வலிக்காம வீங்கினா உடனே வாங்க."

அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அவர் என் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் குதிகாலில் இருந்து ஓர் அங்குலம் விடாமல் அமுக்கிக்கொண்டே வருவார். போன ஞாயிறும் அப்படித்தான். குதிகாலில் ஒன்றுமில்லை. நடுப்பாதத்தில் ஒன்றுமில்லை. தழும்புக்குப் பக்கத்தில் வந்து அமுக்கினார்.

"ஆ! மெதுவா அமுக்குங்க!"

"எங்கிட்டு? இங்கிட்டா?"

"அங்கிட்டுத்தான். கைய எடுங்க."

எடுக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார்.

"நல்லா வலிக்குதுல்ல?"

"உசுரு போகுது."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த விரலுக்குப் போனார்.